ஆக்ஸ்போர்டில் பெட்டி, பொந்தியானில் சாம்பல்

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

பொந்தியான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததை, தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறோம். வக்கீல் கடிதம் வரும் என்ற அச்சத்தால் அன்று. அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் நடந்த சங்கதி அன்று என்பதால் பெயரை விட்டோம்.

நிலம் கைமாறியது. பால்மரம் சாய்ந்து, செம்பனை வந்து, இப்போது அதுவும் போய் வீடு கட்டப் போகிறார்களாம். பழைய ஆபீசைக் காலி செய்ய வந்தவர்கள் அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், முன்னொரு காலத்தில் கோப்பை கழுவிய தொட்டிக்குப் பக்கத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். செக்ரோல் புத்தகங்கள், முன்பணக் கணக்கு, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிய சீட்டுகளின் அடிக்கட்டை, லேபர் ஆபீசுக்கு எழுதிய கடிதங்களின் நகல், தோட்டத்தில் பிறந்த பிள்ளை, இறந்த ஆள் எல்லாரையும் குறித்துவைத்த நீளப் புத்தகம். இரண்டு நாள் புகைந்தது. பொந்தியான் ஈரத்தில் ஊறிய காகிதம் லேசில் எரியுமா?

அந்த லயத்திலேயே பிறந்து, நாற்பது வருஷம் மரம் சீவி ஓய்ந்த ஓர் அம்மாள் குச்சியால் தள்ளித் தள்ளி ஒரு புத்தகத்தை மட்டும் வெளியே இழுத்தார். மூலை கருகியிருந்தது. 1957-ஆம் வருஷத்துச் செக்ரோல். அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. “எங்கப்பா பேரு இதுல எங்கியாச்சும் இருக்கும்” என்றார். சேலைத் தலைப்பில் சுற்றி நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தார். விரித்துப் பார்த்தோம். இருந்தது. 114-ஆம் நம்பர். வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி. மாதக் கடைசியில் பிடித்தம் போக நின்ற தொகை. அந்த வருஷம் ஆகஸ்டு 31-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அந்த வாரமும் அவர் பிரட்டுக்கு வந்திருக்கிறார்.

இதைச் சொல்லப் போனால், நம்மவரிலேயே படித்த தம்பி ஒருவர், “பழைய குப்பைதானே, எரிந்தால் என்ன?” என்கிறார். இன்னொருவர், “அடிமை, கூலி என்கிற பேச்சை இன்னும் எத்தனை காலத்துக்குப் பேசுவீர்கள்? நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்துத் தாமாக வந்தவர்கள்” என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு என்றொரு ஊர். அங்கே பாட்லியன் நூலகம். அந்த நூலகத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்தாரின் கடிதங்களும் குறிப்பேடுகளும் பெட்டி பெட்டியாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1839-ல் தொடங்கிய சங்கம் அது. பெர்மிங்காம் நகரத்துத் தானிய வியாபாரி ஜோசப் ஸ்டர்ஜ் என்பவர் அதை முன்நின்று நடத்தியவர். ஜமைக்காவிலிருந்து, கயானாவிலிருந்து, மொரீசியஸிலிருந்து பாதிரிமாரும் நியாயவான்களும் கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பினார்கள். வந்த கடிதத்தை வீசாமல் அடுக்கி வைத்தார்கள். சங்கம் பெயர் மாறி இன்றும் இருக்கிறது. அதன் பழைய காகிதமும் இருக்கிறது. ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டிகள் நெடுங்காலம் இருந்த கட்டடத்துக்கு ரோட்ஸ் மாளிகை என்று பெயர். ஆப்பிரிக்க மண்ணைச் சுருட்டிய சிசில் ரோட்ஸ் துரையின் பெயரேதான்! அடிமை ஒழிப்புக் கடிதங்களை வைக்க அவர்களுக்குக் கிடைத்த வீடு அது.

அமெரிக்காவில் வில்லியம் லாயிட் கேரிசன் என்பவர், 1831 முதல் 1865 வரை அடிமைத்தனத்தை எதிர்த்துப் பத்திரிகை நடத்தினார். அவருக்கு வந்த கடிதம், அவர் கூட்டாளிகள் எழுதிய கடிதம் எல்லாம் பாஸ்டன் நகரத்துப் பொது நூலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2018 முதல் அவற்றைப் பொதுமக்களே கணினியில் பார்த்து, கோணல் கையெழுத்தை வாசித்து, அச்செழுத்தில் படி எடுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு பெற்ற கிழவி என்று சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்த வேலை அது.

அவர்கள் துண்டுச் சீட்டைக்கூட விடவில்லை. நாம் மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுக்கிறோம்.

நிற்க. வெள்ளைக்காரன் கடுதாசி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கடுதாசியில் இருப்பது நம் கதை என்பதனால்தான் எழுதுகிறோம்.

பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. அடிமைகளை வைத்திருந்த முதலாளிமாருக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது. அடிபட்டவனுக்கு ஒரு காசு இல்லை, அடித்தவனுக்கு நஷ்டஈடு! அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் சர்க்கார் தீர்த்து முடித்தது 2015-ல் என்றால் தொகையின் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஜான் கிளாட்ஸ்டன் என்ற ஒரே முதலாளி 2,508 அடிமைகளுக்காகப் பெற்றது 1,06,769 பவுன். பின்னாளில் பிரதம மந்திரியாக வந்த கிளாட்ஸ்டனின் தகப்பனார் இவர்தான்.

நஷ்டஈடு கைக்கு வந்தாயிற்று. கரும்பு வெட்ட ஆள்? 1836 ஜனவரியில் கிளாட்ஸ்டன் கல்கத்தாவில் இருந்த கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நீக்ரோக்களைச் சார்ந்து நில்லாமல் இருக்க எனக்கு இந்தியாவிலிருந்து ஆள் வேண்டும், கிடைக்குமா என்று. கம்பெனி எழுதிய பதிலும் இருக்கிறது. ஆள் அனுப்புவதில் கஷ்டமே இல்லை, எந்த ஊருக்குப் போகிறோம், கடலில் எத்தனை நாள் போகிறோம் என்று இந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தப் பதிலின் சாரம்.

‘தாமாக வந்தவர்கள்’ என்று சொல்லும் தம்பி இதைத் திரும்ப ஒருமுறை படிக்க வேண்டும். எங்கே போகிறான் என்றே தெரியாதவன் எதற்குச் சம்மதித்தான்? ஆள் பிடித்தவனே, அவனுக்குத் தெரியாது என்பதை ஒரு வசதியாக எழுதி வைத்திருக்கிறான். அவன் வாயாலேயே வந்த சாட்சி! இதைவிடப் பெரிய சாட்சியை எந்தக் கோர்ட்டில் தேடுவது?

விட்பி, ஹெஸ்பரஸ் என்று இரண்டு கப்பல்கள். ஏறத்தாழ 400 பேர், அவர்களில் ஒரு பகுதி சோட்டா நாகபுரி மலைவாசிகள், 1838 மே 5-ல் டெமராராவில் இறங்கினார்கள். மறு வருஷமே அடிமை ஒழிப்புச் சங்கத்து ஜான் ஸ்கோபிள் அங்கே போனார். தோட்டம் தோட்டமாகப் புகுந்தார். பார்த்ததை 1840-ல் சிறு நூலாக அச்சிட்டு ஊரெல்லாம் பரப்பினார். அடித்தது, பூட்டி வைத்தது, நோயில் சாகவிட்டது எல்லாம் அதில் வந்தன.

அந்தச் சாட்சியங்களுள் ஒன்றை நம் பெண் தோழர்கள் அனைவருக்கும் சொல்ல ஆசைப்படுகிறோம். எலிசபெத் சீசர் என்றொரு பெண். ஆப்பிரிக்க வழி வந்த தோட்டத்துப் பெண். கூலிகளை ஆஸ்பத்திரிக் கொட்டடியில் இராத்திரி பூட்டி வைத்து, காலையில் மானேஜர் வீட்டுத் தூணில் கட்டிச் சாட்டையால் அடித்ததையும், இரத்தம் வந்ததையும், அடிபட்ட முதுகில் உப்புநீர் தேய்த்ததையும் கண்டபடி சொன்னார். யோசித்துப் பாருங்கள். கறுப்பருடைய விலங்கு 1838 ஆகஸ்டு முதல் தேதிதான் முழுவதும் கழன்றது. அதே வேலைக்கு வேறு நாட்டு ஆளைக் கொண்டுவந்து தம் ஜனங்களின் கூலியைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ‘வந்தேறி அடிபட்டால் எனக்கென்ன’ என்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பாஷை தெரியாத மனிதர்களுக்காக எழுந்து நின்று சாட்சி சொன்னார். யாரோ அதை எழுதிக்கொண்டார்கள். எழுதியது அச்சாயிற்று. அதனால் இன்று பொந்தியானில் உட்கார்ந்து நாம் அவர் பெயரைச் சொல்கிறோம்.

1840 பிப்ரவரியில் காலனி மந்திரி ஜான் ரஸ்ஸல் பிரபு, இது புதியதோர் அடிமை முறையாகிவிடும் என்று அஞ்சிக் கவர்னருக்கு எழுதினார். 1974-ல் ஹியூ டிங்கர் என்ற சரித்திர ஆசிரியர் அந்தச் சொல்லையே தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். கப்பல் கொஞ்ச காலம் நின்றது. முதலாளிமார் விடுவார்களா? 1842-ல் மொரீசியஸுக்குத் திறந்தார்கள். பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் திறந்தார்கள். ஆகக் கடிதம் மட்டும் எழுதிவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நாம் சங்கத்துக்காரர்கள். கனவான்களின் கருணையால் மட்டும் எந்த விலங்கும் உடைந்ததில்லை என்பது நமக்குத் தெரியும். அதே கிளாட்ஸ்டனின் ‘சக்சஸ்’ தோட்டத்தில் 1823-ல் அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். குவாமினாவும் அவர் மகனும் தலைமை தாங்கினார்கள். மகன் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். முதலாளியின் பெயரையே அடிமைக்கும் சூடுபோல் போட்டிருந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை இரத்தத்தில் அமிழ்த்தினார்கள். ஆனால் அந்தச் செய்தி லண்டனுக்குப் போனபின் அடிமை ஒழிப்புக்காரர்களின் கடிதத்துக்கு ஒரு பலம் வந்தது. காட்டில் நடந்த போராட்டமும் மேசையில் எழுதிய கடிதமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இனி நம் பக்கம் வருவோம்.

பினாங்குக்கு எதிர்க்கரையில், புரோவின்ஸ் வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களுக்குத்தான் முதலில் நம் ஜனங்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினார்கள். பிறகு காப்பி. பிறகு ரப்பர். கப்பல் கூலி முன்பணம். அது சம்பளத்தில் பிடித்தம். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிவில் வழக்கு அன்று, சிறை! கடனுக்காக உடம்பைப் பிணை வைத்து, ஓடினால் போலீஸை விட்டுப் பிடித்துவருகிற முறைக்கு ஒப்பந்தம் என்று பெயரிட்டால் என்ன, கற்கண்டு என்று பெயரிட்டால் என்ன? 1890-ல் ஒரு கமிஷன் உட்கார்ந்து விசாரித்தது. 1910-ல் சாண்டர்சன் பிரபு கமிட்டி அறிக்கை வந்தது. அந்த வருஷமே மலாயாவில் இந்தியருக்கான ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கங்காணி முறை மட்டும் தொடர்ந்தது. ஊரில் போய் ஆள் திரட்டி வந்த கங்காணிக்குத் தலைக்காசு. 1938-ல் தோட்ட முதலாளிமார் சம்பளத்தைக் குறைத்தபோதுதான் இந்திய சர்க்கார் அந்தக் குடியேற்றத்தையும் நிறுத்தியது.

ஊரிலும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. 1843-ல் இந்தியாவில் சட்டப்படி அடிமை இல்லை என்றாக்கினார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் பண்ணையாளுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1952-ல். சாட்டைக்குத் தப்பிக் கப்பலேறியவன் வேறொரு சாட்டையடியில் இறங்கினான்.

நம் பொந்தியானை எடுத்துக்கொள்ளுங்கள். குக்குப்புக்குப் போய்க் கடல்மேல் கால்நட்ட வீடுகளைப் பார்த்து, மீன் தின்றுவிட்டு வருகிறோம். அதே குக்குப்பில் 1878-ல் ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கர், சிங்கப்பூர் வியாபாரி சையத் முகமட் அல்சகோஃபுக்குப் பெரும் நிலத்தை ஒப்படைத்தார். கான்ஸ்டன்டிநோபிள் எஸ்டேட் என்று அதற்குப் பெயர். தோட்டத்துக்குள் செல்லும்படி தனிப் பணத்தாளே அடித்தார்கள். உழைத்தவர்களில் ஒரு பகுதி ஜாவாக்காரர்கள். மக்கா யாத்திரைக்குக் கப்பல் செலவைக் கடனாக வாங்கி, அடைக்க முடியாமல், அந்தக் கடனை உடம்பால் கழிக்க இங்கே வந்தவர்கள். மதம் வேறு, பாஷை வேறு, கடன் ஒன்றுதான். நமக்கு முன்பே இந்த மண்ணில் கடனுக்கு உழைத்தவன் ஜாவாக்காரத் தோழன். அவன் பேரன் இன்று நம் பக்கத்து வீட்டில் அன்னாசி பயிரிடுகிறான். இதை அவனும் அறியான், நாமும் அறியோம். ஏன்? குக்குப்பில் எலிசபெத் சீசரைப் போல் சாட்சி சொன்னவர் இருந்தாலும், அதை எழுதி நமக்கென்று வைத்தவர் இல்லை.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1913 ஏப்ரலில் பீஜித் தீவில் குந்தி என்ற பெண், தன்னைக் கெடுக்க வந்த ஓவர்சியருக்குத் தப்பி ஆற்றில் குதித்தாள்; பிழைத்தாள். நடந்ததைச் சொல்லிக் கடிதமாக்கி, அது கல்கத்தாவில் ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில் வெளிவந்தது. நாடு கொதித்தது. அதற்கு முந்தைய வருஷம் கோகலே சட்டசபையில் ஒப்பந்தக் கூலியை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்து 22-க்கு 33 என்ற வாக்கில் தோற்றிருந்தார். குந்தியின் கடிதத்துக்குப் பின் அப்படித் தோற்கடிக்க முடியாமல் போயிற்று. சி. எப். ஆண்ட்ரூஸ், பியர்சன் இருவரும் பீஜிக்கே போய்ப் பார்த்து 1916-ல் அறிக்கை எழுதினார்கள். பீஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை எண்ணி நம் பாரதியாரும் பாடினார். 1917-ல் ஆள் ஏற்றுவது நின்றது. ஒரு கூலிப் பெண் சொல்லி எழுதின கடிதம்! சர்க்காருக்கு எழுதிய ஆயிரம் மனுவுக்கு அது சமம்.

இங்கே கிராணிமார்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் லயத்தில் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஊருக்குக் கடுதாசி என்றால் சின்னக் கிராணி வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். “ஐயா, சௌக்கியம்னு எழுதுங்க” என்பான். சம்பளம் பிடித்ததையும் எழுதச் சொல்வான். சில கிராணிமார் எழுதினார்கள். சிலர் சௌக்கியம் மட்டும் எழுதினார்கள். பகலில் செக்ரோலில் சுழி போட்ட பேனாவே இரவில் அவன் தாய்க்குக் கடிதம் எழுதியது. ஆகவே நம் சரித்திரம் பாதிக்கு மேல் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது, ஐயா. நல்லதும் கெட்டதும் சேர்த்தே சொல்கிறோம்.

கெட்டதற்கும் காகிதம் உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்கிற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. சம்பளம், கள்ளுக்கடை இவற்றோடு இதுவும் ஒன்று! மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, நம்மவர் மாண்டார்கள். அந்தக் கோரிக்கைகள் இன்று நமக்கு எப்படித் தெரியும்? அவற்றைப் பாதுகாத்து வைத்தவர் நாம் அல்லர். காலனி சர்க்கார் தன் நடவடிக்கையை நியாயப்படுத்த லண்டனுக்கு எழுதிய கோப்புகளில் அவை ஒட்டிக்கொண்டு போய், கியூ என்ற இடத்து ஆவணக் களரியில் கிடக்கின்றன. நம் தோழர்கள் கேட்டது என்ன என்பதை அவர்களைச் சுட்டவன் கோப்பில் தேடிப் படிக்க வேண்டிய நிலைமை நமக்கு வாய்த்திருக்கிறது.

சயாம் ரயில்பாதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1942, 43-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் தமிழரை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்கார யுத்தக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது, புல் வெட்ட ஆள் இருக்கிறது. பட்டாளத்துக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, பெயர் வெட்ட முடிந்தது. நம்மவர் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. பட்டியல் எங்கே? எந்தத் தோட்டத்திலிருந்து எந்த நம்பர் போனான், திரும்பி வந்தானா என்று சொல்லக்கூடிய புத்தகம் ஒன்றுதான் உண்டு. தோட்டத்துச் செக்ரோல். அதைத்தான் கோப்பைத் தொட்டிப் பக்கத்தில் கொளுத்துகிறார்கள்!

இன்னமும் ‘பழைய குப்பை’ என்பவருக்கு, உயிரோடு இருப்பவர் கதையைச் சொல்கிறோம். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, இங்கேயே பிறந்து பால் வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டி, பார்த்தறியாத ஊருக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் சிலர் சிவப்புக் கார்டோடு முதுமையடைந்தார்கள். பிறந்தது இங்கேதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கவுண்டரில் கேட்டால், லயத்தில் பிறந்தவன் எதைக் காட்டுவான்? மருத்துவச்சி இறந்துவிட்டாள், லயம் இடிந்துவிட்டது, ஆபீசுப் புத்தகம் சாம்பல். நம்மிடம் வந்து உட்கார்ந்து அழுதவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், காகிதம் குப்பை என்று.

அடிமை என்ற சொல் பழசாகிவிட்டதாம். எங்கே பழசாயிற்று? இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற பங்களாதேசத்தானையும் நேப்பாளத்தானையும் இந்தோனேசியனையும் கேளுங்கள். ஊரில் நிலத்தை ஈடுவைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் எத்தனை மாதச் சம்பளம் என்று கேளுங்கள். பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறர் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது 1966-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்கள் வகுத்திருக்கிறது. கடனில் பிணைப்பதும், அடையாளப் பத்திரத்தைப் பிடித்து வைப்பதும் அவற்றில் இரண்டு. 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த அடையாளங்களைக் காட்டி முதலில் எப்ஜிவியின் எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயையும் தன் துறைமுகத்தில் நிறுத்தியது. சைம் டார்பிக்கான தடை, திருத்தங்கள் செய்தபின் 2023-ல் நீங்கியது. 2022 மார்ச்சில் நம் நாடு கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதை ஆரம்பித்து வைத்தது யார்? காட்டுக்குள் போய்த் தொழிலாளரிடம் பேசி எழுதி வைத்தவர்கள். தம் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொடுத்த தொழிலாளர்கள். ஸ்கோபிள் செய்ததும் இதைத்தான்.

நம்மவரில் சிலர் இந்த அயல்நாட்டுத் தோழனை ‘நம் வேலையைப் பிடுங்க வந்தவன்’ என்று வைகிறார்கள். நம் கூலியைக் குறைக்க முதலாளி அவனைப் பயன்படுத்துவது உண்மை, மறுக்கவில்லை. நம் பாட்டனையும் அப்படித்தான் பயன்படுத்தினான். சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் இன்று நிற்பவர் நாம்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆக்ஸ்போர்டுக்கு டிக்கெட் வாங்கச் சொல்லவில்லை.

தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்தவுடன், ஆபீசைக் காலி செய்யுமுன், புத்தகங்களைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். நகல் ஒன்று சங்கத்துக்கு. கைமாற்று ஒப்பந்தத்திலேயே, தொழிலாளர் பதிவேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து வேண்டும் என்கிறோம். 1957-ல் தொடங்கிய அந்தக் காப்பகத்தில் துரைமாரின் செக்ரடேரியட் கோப்புகளுக்கு இடம் இருக்கிறது. 114-ஆம் நம்பருக்கும் ஒரு பலகை இடம் ஒதுக்கலாம். ஓய்வு பெற்ற பெரிய கிராணிமார் வீட்டுப் பரணில் பழைய பாக்கெட் செக்ரோல், துரைக்கு எழுதிய கடிதங்களின் கார்பன் நகல் கட்டாயம் இருக்கும். பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். உங்களைப் பற்றிக் கெடுதலாக ஏதாவது அதில் இருக்குமோ என்று கூசவும் வேண்டாம், கிழிக்காமல் கொடுங்கள்.

வீட்டில் தகரப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். ஊரிலிருந்து வந்த கடிதம், கப்பல் டிக்கெட், மணியார்டர் ரசீது, சங்கச் சந்தாச் சீட்டு, சம்பளத் துண்டு, லயத்து முன்னால் எடுத்த கல்யாணப் படம் எதுவாயிருந்தாலும் ஒதுக்காதீர்கள். கறையான் அரித்திருந்தால் அரித்தபடியே கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளைத் துணியில் சுற்றுங்கள். படத்தின் பின்புறம் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். படி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். பேசத் தெரிந்த முதியவர் இருந்தால் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். எந்த டிவிஷன், எத்தனை மரம், துரை பெயர், டிரெசர் பெயர், அடித்தவன் பெயர், காத்தவன் பெயர் எல்லாம் கேளுங்கள்.

பொந்தியான், பெக்கான் நனாஸ், பெனுட், ஆயர் பாலோய் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளை அலுவலகத்துக்கு வரலாம். கருகிய மூலையோடு அந்த 1957 புத்தகம் மேசைமேல் இருக்கும். அதில் 212 நம்பர்கள் இருக்கின்றன. 114-க்கு மட்டும்தான் இதுவரை ஆள் வந்திருக்கிறார்.